ஏலமலை அடிவாரத்தில் வெள்ளாடு: பிழைக்கும் குட்டியே லாபம்

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்ப மாலையாகிவிடும். இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றின் கொல்லையில் நாலைந்து வெள்ளாடுகள் நிற்கும். மலையில் வேலை குறையும் நாட்களில் பள்ளிக்கூடச் செலவுக்கும் செய்முறைக்கும் கைகொடுப்பவை இவைதான்.

ஆனால், ஆடு வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் பணம் தங்குவதில்லை. காரணம், குட்டிச் சாவு.

கணக்கு இதுதான்

நான்கு பெட்டை ஆடுகள் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாட்கள். நல்ல தீவனம் கிடைத்தால் இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை குட்டி போடும். ஓர் ஈற்றுக்குச் சராசரியாக ஒன்றரைக் குட்டி என்றால், நான்கு ஆடுகளுக்கு 18 குட்டிகள். விற்கும்போது ஒரு குட்டி 15 கிலோ, உயிர் எடை கிலோ 350 ரூபாய் என்று வைத்தால் குட்டிக்கு 5,250 ரூபாய். இதில் 6 குட்டிகள் செத்தால் 31,500 ரூபாய் போய்விடும். ஆறு ஆடுகள் கூடுதலாக வாங்குவதைவிட இந்த ஆறு குட்டிகளைக் காப்பாற்றுவது சுலபம்.

முதல் ஒரு மணி நேரம்

குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் சுமார் 200 மில்லி தேவை. அதைப் பல தடவையாகப் பிரித்துக் கொடுக்கலாம். இரட்டைக் குட்டிகளில் இளைத்தது பின்தங்கிவிடும். அதைப் பிடித்து மடியில் ஊட்ட வேண்டும். தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் தடவ வேண்டும். சினை ஆட்டின் ஈற்று நாளைக் காலண்டரில் குறித்து வைத்தால், அந்த வாரம் மட்டும் வீட்டில் ஒருவர் மலை வேலைக்குப் போகாமல் நிற்கலாம். அந்தக் கூலி இழப்பைக் குட்டி ஈடுகட்டிவிடும்.

அடுத்த ஆபத்து ஈரம். மழைக்காலத்தில் நனைந்த தரையில் படுக்கும் குட்டிக்குச் சளியும் கழிச்சலும் வரும். சரிவில் உள்ள வீடுகளுக்குப் பரண் கொட்டில் ஏற்றது. தரையிலிருந்து 3 அல்லது 4 அடி உயரத்தில், சட்டங்களுக்கு நடுவே 1 முதல் 1.5 செ.மீ. இடைவெளி விட்டால் புழுக்கையும் மூத்திரமும் கீழே போய்விடும். குட்டிகள் நிற்கும் பக்கம் இடைவெளியைக் குறைக்க வேண்டும்; இல்லையென்றால் கால் சிக்கி ஒடியும். காட்டோரமாக இருந்தால் சிறுத்தை நுழையாதபடி பக்கங்களையும் கூரையையும் கம்பி வலையால் அடைப்பது அவசியம்.

மேய்ச்சலை நம்பலாமா?

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி ஆட்டைப் பத்திவிடுவது 1882-ம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்களில் கால்நடை மேய்ச்சலுக்கு 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும் தடை விதித்தது. ஆகவே, தீவனம் சொந்த வரப்பிலும் வேலியிலும் இருக்க வேண்டும்.

வளர்ந்த ஆட்டுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தீவனம் தேவை. அகத்தி, கிளைரிசிடியா, கல்யாண முருங்கை, சூபாபுல், வேலிமசால் ஆகியவற்றை வேலியோரம் நட்டுவிட்டால், வேலைக்குப் போகும் முன் வெட்டிக் கட்டித் தொங்கவிடலாம். பலா, இலவ மரத் தழையையும் ஆடு விரும்பித் தின்னும். சூபாபுல் மட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

மூன்று விஷயங்களில் கவனம் தேவை. ஏலத்துக்கு மருந்து தெளிப்பது அதிகம். மருந்தடித்த தோட்டத்துப் புல்லை அறுத்துவந்து ஆட்டுக்குப் போடக் கூடாது. மலைச்சரிவில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியைப் பசித்த ஆடு தின்றால் ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும், தோலும் வெந்துபோகும். பூக்காத இளஞ்சோளப் பயிரும் பச்சை மரவள்ளித் தழையும் சில நிமிடங்களிலேயே ஆட்டைச் சாய்த்துவிடும்.

செல்லக் கிடா

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா வீட்டுப் பிள்ளைபோல வளரும். அதைக் கட்டிப் போடவும் மனம் வராது, விற்கவும் முடியாது. ஆனால், அது தன் குட்டிகளோடும் தங்கைகளோடும் சேர்ந்தால் பிறப்பவை சிறுத்து, நோஞ்சானாகிவிடும். நேர்த்திக்கடனுக்குரியது தனியாக நிற்கட்டும். பொலிக்கு வேறு மந்தைக் கிடாவைப் பயன்படுத்தி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நான்கைந்து ஆடுகளுக்குச் சொந்தக் கிடா தேவையில்லை; ஒரு கிடா 20 பெட்டைகளுக்குப் போதும்.

தடுப்பூசி, குடற்புழு நீக்கம்

ஆட்டுக்கொல்லி நோய்க்குக் குட்டியின் நான்காம் மாதத்தில் ஊசி போட்டால் மூன்று ஆண்டுகள் தாங்கும். துள்ளுமாரிக்கு ஆண்டுதோறும், மழைக்கு முன்பே போட வேண்டும். குடற்புழு மருந்தை ஒரே வகையாகத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழு அதற்குப் பழகிவிடும். சாணப் பரிசோதனை செய்து, எடைக்கேற்ற அளவில் கொடுப்பதே சரி. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். தேனி அருகே வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

ஒரு பழைய நோட்டில் ஈற்றுத் தேதி, பிறந்த குட்டி, செத்த குட்டி, காரணம் ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். ஆண்டு முடிவில் எந்த ஆட்டை வைத்துக்கொள்வது, எதைச் சந்தைக்கு அனுப்புவது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.