கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம்: ரோடு ஓட்டமும் மலைப்பாதை ஓட்டமும்

ரோட்டில் ஓடிப் பழகினவங்க முதல்முறை மலைப்பாதையில் ஓடிட்டு வந்து கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "ரோட்டில் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் முடிக்கிறேன். இங்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகுது. எனக்கு என்ன ஆச்சு?" உங்களுக்கு ஒண்ணும் ஆகலை. கிலோமீட்டர்தான் மாறிடுச்சு. இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப் போறோம்.

2022-ல் நடந்த ரெண்டு ஓட்டங்களை எடுத்துக்குவோம். செப்டம்பரில் பெர்லின் மாரத்தான். கென்யாவின் எலியுட் கிப்சோகே 42.195 கிலோமீட்டரை 2 மணி 1 நிமிடம் 9 வினாடியில் ஓடி, அப்போதைய உலக சாதனையைப் படைத்தார். கிலோமீட்டருக்கு 3 நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு ஒரு மாசம் முன்னாடி, மோன் பிளாங் மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாகப் போகும் யூ.டி.எம்.பி. போட்டி. ஸ்பெயினின் கிலியன் ஜோர்னெட் சுமார் 171 கிலோமீட்டரை 20 மணி நேரத்துக்குள் முடித்தார். அந்தப் போட்டியில் அதுவரை யாரும் அதைச் செய்ததில்லை. ஆனா கணக்குப் போட்டா, கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம்! பூங்காவில் நிதானமா ஓடுறவங்களோட வேகம் அது.

காரணம், வழியில் மொத்தம் சுமார் 10,000 மீட்டர் ஏற்றம். சர்வதேச டிரெயில் ரன்னிங் சங்கம் இதுக்கு ஒரு எளிய கணக்கு வெச்சிருக்கு: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டர் கூடுதலாகச் சேர்க்கணும். அப்படிப் பார்த்தா அது 171 இல்லை, சுமார் 271. நீங்க ஓடின 10 கிலோமீட்டரில் 400 மீட்டர் ஏற்றம் இருந்தா, அது 14 கிலோமீட்டருக்குச் சமம்.

மண் தரை முழங்காலுக்கு நல்லதா?

பலரும் நம்புறது இது. பாதி உண்மைதான். தரை மெத்தென்று இருந்தால் கால் தன் விறைப்பைக் கூட்டிக்கொள்ளும், கெட்டியாக இருந்தால் குறைத்துக்கொள்ளும் என்று 1990-களில் நடந்த ஆய்வுகள் காட்டின. அதனால தரையோட மென்மை அப்படியே முழங்காலுக்கு லாபமா வந்துடாது.

உண்மையான வித்தியாசம் வேற இடத்தில் இருக்கு. ரோட்டில் ஆயிரக்கணக்கான அடிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி விழும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பளு. மலைப்பாதையில் ஒவ்வொரு அடியும் வேற. பளு பரவலாகும், ஆனா கணுக்கால் பிசகுற வாய்ப்பு கூடும்.

இறக்கத்தையும் லேசா நினைக்காதீங்க. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கு. மூச்சு வாங்காததால் சுலபம்னு தோணும். ஆனா மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ, மாடிப்படி இறங்கும்போது தெரியும்.

அப்போ என்ன செய்யணும்?

ரோட்டு வேகத்தை மலைக்குக் கொண்டு போகாதீங்க. ஆபத்தே அங்கதான் ஆரம்பிக்குது. வாட்ச் காட்டுற வேகத்தைப் பிடிக்கணும்னு கல்லும் வேருமா இருக்கிற இறக்கத்தில் விரட்டினா, விலை கொடுக்கப் போறது கணுக்கால். கிலோமீட்டருக்குப் பதிலா நேரத்தை வெச்சுக்கோங்க: "இன்னைக்கு 50 நிமிஷம்", அவ்வளவுதான். பேச முடியுற அளவுக்கு மூச்சு இருந்தா வேகம் சரி. செங்குத்தான ஏற்றத்தில் நடங்க. முன்னணி வீரர்களே நடக்கிறாங்க. இறங்கும்போது சின்னச் சின்ன அடியா வைங்க. பாதத்தையே பார்க்காம, சில மீட்டர் முன்னால பாருங்க. அடியில் பிடிப்புள்ள ஷூ போடுங்க.

முக்கியமா, தனியாப் போகாதீங்க. ரோட்டில் கால் பிசகினா ஆட்டோ பிடிச்சு வந்துடலாம். மலையில் அதே பிசகோட பல கிலோமீட்டர் நடந்து இறங்கணும். எந்த வழியில் போறீங்க, எப்போ திரும்புவீங்கன்னு வீட்டில் சொல்லிட்டுப் போங்க. வனப்பகுதியா இருந்தா அனுமதி வாங்கிட்டுப் போங்க.

அப்போ ரோடு வேண்டாமா? அப்படி இல்லை. மாரத்தான்தான் இலக்குன்னா, ஒரே சீரான வேகத்தை உடம்புக்குப் பழக்க ரோடுதான் சரியான இடம். வாரத்தில் ஒருநாள் மட்டும் மண்பாதைக்குப் போய்ப் பாருங்க, வாட்சில் வேகம் தெரியாதபடி மாத்தி வெச்சுட்டு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.