வாடகைச் சுவரில் அரசு அறிவிப்பு

இத்தாலியின் பலேர்மோ நகரில், பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் ஓர் ஈழத்து அண்ணையைச் சந்தித்தேன். 1980களில் சிசிலிக்கு வந்து சேர்ந்த தமிழர்களில் ஒருவர். ஞாயிறு தவறாமல் பெல்லெக்ரினோ மலையேறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிடும் இந்து. "தம்பி, நீர் கம்ப்யூட்டர் படிச்சனீர்தானே, இதை ஒருக்கா பாரும்" என்று ஒரு துண்டுத்தாளை நீட்டினார். ஏதோ ஓர் அலுவலகத்தின் வேலை நேரம் மாறியிருந்தது. மற்ற விவரங்களுக்குச் சமூக வலைப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். திறந்தால் பாதித் திரையை மறைத்துக்கொண்டு 'உள்நுழைக' என்றது.

"கவுண்மேந்து நோட்டீஸ் பாக்க நான் ஏன் ஒரு கொம்பனிக்குப் பேர் குடுக்கோணும்?" என்றார் அண்ணை.

நியாயமான கேள்விதான். அகதி விண்ணப்பம் பற்றி யார் எதை வாசிக்கிறார்கள் என்பதை மூன்றாம் ஆள் குறித்துவைப்பதில் உள்ள பயத்தை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 ஜூனில், ஒரு ஜெர்மன் கல்வி நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றமும் இதைத் தொட்டது. முகநூலில் பக்கம் நடத்துகிறவரும், அங்கே வருவோரின் தகவல் திரட்டப்படுவதற்குக் கூட்டுப் பொறுப்பாளி என்றது தீர்ப்பு.

சரி, மாற்று என்ன? 2016ல் ஆய்கன் ரோச்கோ என்ற ஜெர்மனிவாழ் நிரலாளர் வெளியிட்ட மாஸ்டடான் அவற்றில் ஒன்று. பார்வைக்கு ட்விட்டர் மாதிரி இருக்கும், ஆனால் அடித்தளம் வேறு. மின்னஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஜிமெயிலில் இருக்கலாம், நான் அலுவலக வழங்கியில் இருக்கலாம், கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். அதுபோல யார் வேண்டுமானாலும் தம் கணினியில் மாஸ்டடானை நிறுவலாம். வழங்கிகள் 'ஆக்டிவிட்டிபப்' என்ற பொது நெறிமுறையில் தமக்குள் பேசிக்கொள்ளும். 2018 ஜனவரியில் டபிள்யூ3சி அதைத் தரமாக ஏற்றது. மென்பொருளில் விளம்பரம் கிடையாது. பொதுப் பதிவுகளைக் கணக்கில்லாமலே வாசிக்கலாம்.

ஜெர்மனியின் கூட்டாட்சித் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2020ல் அரசு அலுவலகங்களுக்கென ஒரு வழங்கியைத் தொடங்கியது. நெதர்லாந்து அரசு 2023ல் தொடங்கியது. ஆட்களை எண்ணிப் பார்த்தால் இங்கே கூட்டம் குறைவுதான். ஆனால் முகவரியின் வால் அரசின் சொந்தப் பெயர் என்பதால், போலிக் கணக்கை அடையாளம் காண்பது எளிது.

வாடகைச் சுவரின் ஆபத்து 2023ல் பட்டவர்த்தனமானது. ட்விட்டர் தன் நிரல் இடைமுகத்துக்குக் கட்டணம் வைத்ததும், நியூயார்க்கின் போக்குவரத்து ஆணையம் ஏப்ரலில் ரயில் தாமத அறிவிப்புகளை அங்கே நிறுத்தியது. பிறகு பொதுச் சேவைகளுக்குச் சலுகை தரப்பட்டு, அறிவிப்புகள் திரும்பின. ஆனால் ரயில் வருமா வராதா என்று சொல்லும் உரிமை சில நாள் ஒரு தனியார் முதலாளியின் கையில் இருந்தது.

சொந்த வீட்டிலும் கூரை ஒழுகும். ஐரோப்பியத் தகவல் பாதுகாப்பு மேற்பார்வையாளர் 2022 ஏப்ரலில் 'ஈயூ வாய்ஸ்' என்ற மாஸ்டடான் வழங்கியைச் சோதனையாகத் தொடங்கினார். ஏற்று நடத்த வேறு அலுவலகம் முன்வராததால் 2024 மே மாதத்தில் அது மூடப்பட்டது. ஐரோப்பிய ஆணையம் தனக்கென ஒரு வழங்கியை அமைத்துக்கொண்டு தொடர்ந்தது. மென்பொருள் இலவசம், பராமரிப்பு இலவசமில்லை. இன்னொன்று: மாஸ்டடானின் தனிச்செய்திகள் பூட்டிய உறைகள் அல்ல. வழங்கியை நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும். ஆகவே அறிவிப்புக்கு அது நல்ல இடம், ரகசியத்துக்கு அல்ல.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். மரத்தடியிலும் ராயர் காப்பி கிளப்பிலும் எழுதிக் குவித்தோமே, அவை யாஹூவின் குழுமங்கள். 2019 இறுதியில் யாஹூ பழைய மடல்களை நீக்கியது, 2020 டிசம்பரில் குழுமங்களையே மூடியது. யாரோ சேமித்து வைத்தவை மட்டும் தப்பின. நம் நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் தமிழ்ச் சங்கங்களும் இன்று மறுபடி அடுத்தவர் சுவரில்தான் எழுதுகின்றன. முகநூலை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. மூலப்பிரதி சொந்த வீட்டில் இருக்கட்டும், நகல் எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

அண்ணைக்கு வேலை நேரத்தைத் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குக் கடவுச்சொல் தேவைப்படவில்லை.