‘அலோ பண்ணலாமா?’னு கேட்கிற பெட்டியே பொய் சொன்னா..? ஒரு வரி ‘பக் ஃபிக்ஸ்’ல ஒளிஞ்சிருக்கும் கதை!

பிளே ஸ்டோர்ல ஏதோ ஒரு ஆப்புக்கு அப்டேட் வந்திருக்கும். புதுசா என்னதான் இருக்குன்னு தொட்டுப் பார்த்தா ஒரே ஒரு வரி: ‘பக்குகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது.’ அவ்ளோதான். என்ன பக், எங்கே இருந்தது, இத்தனை நாளா அதோடவேதான் குப்பை கொட்டிக்கிட்டு இருந்தோமா... எதுக்கும் பதில் இருக்காது. நீங்களும் ‘வைஃபை கிடைக்கும்போது பார்த்துக்கலாம்’னு தள்ளிவிட்டுப் போயிடுவீங்க.

அந்த ஒரு வரிக்குப் பின்னாடி நிஜமா என்ன நடக்குது? ஆப் கம்பெனிகள் பெரும்பாலும் வாய் திறக்காது. ஆனால், புரோகிராமர்கள் பயன்படுத்தும் கருவிகள் பலவும் ஓப்பன் சோர்ஸ். எங்கே ஓட்டை, எந்த வெர்ஷன்ல இருந்து இருந்தது, எந்த வெர்ஷன்ல அடைச்சாங்க என எல்லாமே ஊரறிய எழுதி வைக்கப்பட்டிருக்கும். அப்படி ஒரு கருவியைத்தான் இப்போ பிரிச்சுப் பார்க்கப்போறோம். பெயர், டெனோ. கோடிங் தெரியாதவங்களும் தாராளமா உள்ளே வரலாம். கதை எப்படியும் உங்க போனுக்குத்தான் வந்து சேரப்போகுது.

தன் படைப்பையே குறை சொன்னவர்

நீங்க போன்ல திறக்கிற கிட்டத்தட்ட எல்லா வெப்சைட்டிலும் ஓடிக்கிட்டிருக்கும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். ரொம்ப காலம் அது பெரும்பாலும் பிரவுசருக்குள்ளதான் குடியிருந்தது. 2009-ல் ரயன் டால் என்ற புரோகிராமர், குரோம் பிரவுசரின் இதயமான வி8 இன்ஜினைத் தனியா எடுத்து, பிரவுசர் இல்லாமலே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட வெச்சார். அதுதான் நோட் ஜேஎஸ். இப்படி ஒரு மொழியை ஓடவைக்கும் மேடைக்குத்தான் ‘ரன்டைம்’னு பேரு. இன்னைக்கு உலகத்துல எக்கச்சக்கமான சர்வர்கள் இதில்தான் ஓடுது.

பொதுவா இப்படி ஒண்ணைக் கண்டுபிடிச்சவங்க காலம் பூரா அதைப் பத்திப் பெருமை பேசித்தான் பார்த்திருப்போம். இவர் 2018-ல் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் மாநாட்டு மேடையில் ஏறி, நோட் ஜேஎஸ் விஷயத்தில் தான் வருத்தப்படும் பத்து விஷயங்களைப் பட்டியல் போட்டார். அதே மேடையில்தான் டெனோவையும் அறிமுகப்படுத்தினார். ஆங்கிலத்துல ‘நோட்’ என்பதின் நாலு எழுத்தைக் கலைச்சுப் போட்டா ‘டெனோ’ வரும். குசும்புதான்! 2020 மே மாதம் அதன் 1.0 வந்தது. 2024 அக்டோபரில் 2.0.

அவர் சொன்ன வருத்தங்களில் ஒண்ணு, பாதுகாப்பு. பிரவுசர்ல ஒரு டேபைத் திறந்தா, அந்த வெப்சைட்டால உங்க கேலரியையோ, டவுன்லோடு ஃபோல்டரையோ சும்மா எட்டிப் பார்க்க முடியாது. ஆனா, அன்றைய நோட் ஜேஎஸ்ல ஒரு புரோகிராமை ஓடவிட்டா, உங்களால எதையெல்லாம் திறக்க முடியுமோ அதையெல்லாம் அதனாலும் திறக்க முடியும். யாரோ எழுதி இன்டர்நெட்ல போட்ட கோடை இறக்கி ஓடவிடுறோம்... வீட்டுச் சாவியைக் கொத்தோட கொடுத்த கதை.

டெனோ இதை மாத்துச்சு. கம்ப்யூட்டர்ல ‘டெர்மினல்’னு ஒரு கறுப்புத் திரை இருக்கும். ஐகான், பட்டன் எதுவும் கிடையாது, கட்டளையை டைப் பண்ணணும். அங்கே டெனோவில் ஒரு புரோகிராமை ஓடவிட்டா, அது ஒரு ஃபைலைத் திறக்கவோ, நெட்டைத் தொடவோ முயலும்போது டெனோ குறுக்கே வந்து நிக்கும். ‘இது இந்த ஃபைலைப் படிக்கக் கேட்குது, விடலாமா?’ன்னு உங்ககிட்ட கேட்கும். சரின்னா ஒரு எழுத்து, வேணாம்னா ஒரு எழுத்து. ‘லொகேஷனுக்கு அனுமதி தரலாமா?’ன்னு உங்க போன் கேட்குதே, அதே பெட்டிதான்.

நல்ல ஏற்பாடுதான். ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க. இந்த மொத்தப் பாதுகாப்பும் எதை நம்பி நிக்குது? நீங்க திரையில் படிக்கிற அந்த ஒரு வாக்கியத்தை! அந்த வாக்கியத்தையே ஒருத்தன் மாத்தி எழுதிட்டா?

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

டெர்மினல் திரைக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. 1970-களில் இருந்து தொடரும் பழக்கம். அதுக்கு அனுப்பும் எழுத்துகளில் சில, திரையில் எழுத்தாகத் தெரியாது; கட்டளையா வேலை செய்யும். ‘இனி சிவப்பு நிறத்துல எழுது’, ‘கர்ஸரை ரெண்டு வரி மேலே கொண்டுபோ’, ‘இந்த வரியை அழி’ இப்படி. இவற்றை ஆன்சி எஸ்கேப் எழுத்துகள்னு சொல்வாங்க. டெர்மினல்ல கலர் கலரா எழுத்து வர்றது இந்த வித்தையாலதான்.

இப்போ டெனோ கேட்குது: ‘இந்தப் பெயருள்ள புரோகிராமை ஓடவிடலாமா?’ அந்தப் பெயரைக் கொடுப்பது யார்? அனுமதி கேட்கும் அந்தப் புரோகிராமேதான். அது பெயருக்குள்ளேயே ‘மேலே போ, ரெண்டு வரியை அழி, அங்கே இதை எழுது’ங்கிற மறை எழுத்துகளைச் சொருகிட்டா? டெனோ பாவம், பெயரை அப்படியே திரையில் அச்சடிக்கும். திரை சொன்னபடி கேட்டு, நிஜக் கேள்வியை அழிச்சுட்டு, திருடன் எழுதிக்கொடுத்த கேள்வியைக் காட்டும். நீங்க ஏதோ சாதுவான விஷயத்துக்கு ‘சரி’ன்னு தட்டுவீங்க. உள்ளே அனுமதி கிடைப்பது வேற எதுக்கோ. பத்திரத்தின் மேல வேற பேப்பரை வெச்சுக் கையெழுத்து வாங்குற பழைய ஃபிராடேதான், டிஜிட்டல்ல.

இது கற்பனை இல்லை. டெனோவின் 1.8.0 முதல் 1.31.1 வரை நிஜமாவே இந்த ஓட்டை இருந்தது. சுமார் ரெண்டு வருஷம்! 2023 மார்ச்சில், 1.31.2 வெர்ஷனில் அடைச்சாங்க. பெட்டியில் காட்டுறதுக்கு முன்னாடி அந்த மறை எழுத்துகளை வடிகட்டினாங்க. கதை முடிஞ்சதா? இல்லை.

வடிகட்டியது திரையில் காட்டுவதை மட்டும்தான். அனுமதி கொடுக்கும்போது டெனோ கணக்கில் எடுத்தது, வடிகட்டாத மூலப் பெயரை. வடிகட்டியைக் குழப்புற மாதிரி, வேணும்னே பாதி உடைந்த மறை எழுத்தை உள்ளே போட்டா, திரையில் ஒரு ஃபைலின் பெயர் தெரியும், திறக்கப்படுவது வேற ஃபைலா இருக்கும். காட்டுறது ஒண்ணு, கொடுக்கிறது ஒண்ணு. 1.32.1-ல் தொடங்கிய இந்தச் சிக்கலை 2024 பிப்ரவரியில் வந்த 1.41-ல் சரிசெஞ்சாங்க.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது (ஓட்டையைப் ‘பிடிச்சது’ன்னு சொல்றது தப்புதான், ஆனா மூளையைப் பாராட்டணும்ல). மறை எழுத்துகளில் சில, டெர்மினலைப் பார்த்துக் கேள்வி கேட்பவை. ‘கர்ஸர் இப்போ எங்கே இருக்கு?’ன்னு ஒரு கட்டளை இருக்கு. டெர்மினல் அதுக்குப் பதில் சொல்லும். எந்த வழியா? கீபோர்டில் நீங்க டைப் பண்ற எழுத்துகள் வரும் அதே வழியா! அதாவது, புரோகிராமைப் பொறுத்தவரை அந்தப் பதில், நீங்களே டைப் பண்ணின மாதிரிதான் வந்து விழும்.

டெனோவும் முட்டாள் இல்லை. நீங்க முன்னாடியே தெரியாம ஏதாவது கீயைத் தட்டியிருந்தா அது ‘சரி’ன்னு ஆகிடக் கூடாதுன்னு, கேள்வி கேட்பதற்கு முன்னாடி அந்த வழியைச் சுத்தமா துடைச்சிடும். ஆனா, துடைக்கிறதுக்கும் உங்க பதிலைப் படிக்கிறதுக்கும் நடுவுல ஒரு நொடியில் துளி நேரம் இருக்கே? சரியா அந்த இடைவெளியில் டெர்மினலின் பதிலை வந்து விழவெச்சா, நீங்க என்ன தட்டினாலும் தட்டாட்டியும் அனுமதி கிடைச்சிடும். 2024 ஏப்ரலில் 1.42.2-ல் இதையும் மூடினாங்க.

ஒரே கேள்விப் பெட்டி, மூணு ஓட்டை, மூணு ஃபிக்ஸ். ‘என்ன டீம்ப்பா இது, ஒரு பெட்டியை உருப்படியா செய்யத் தெரியலையா?’ன்னு தோணும். எனக்கு அப்படித் தோணலை. மூணும் மூணு விதமான ஓட்டை. ஒண்ணை அடைச்ச பிறகும் யாரோ ஒருத்தர் அதே கதவை ஆட்டிப் பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க, அதனாலதான் அடுத்தது தெரிஞ்சது. பக் லிஸ்ட் வெளியிடாத கருவியில் பக் இல்லைன்னு அர்த்தமா என்ன?

சரிசெஞ்சா திட்டும் விழும்

ஃபிக்ஸ் வந்தா எல்லாரும் கைதட்டுவாங்கன்னு நினைச்சிடாதீங்க. 2024 ஏப்ரலில் நோட் ஜேஎஸ் ஒரு அவசர வெர்ஷன் வெளியிட்டது. விண்டோஸில் ‘பேட்ச் ஃபைல்’னு ஒரு பழைய வகை உண்டு. நோட் ஜேஎஸ் வழியா அந்த ஃபைலை ஓடவிடும்போது, கூட அனுப்பும் தகவலுக்குள்ளேயே கட்டளையை ஒளிச்சு வெச்சா, விண்டோஸ் அதையும் சேர்த்து ஓடவிட்டுடும். நோட் மட்டுமில்ல, ரஸ்ட் உட்பட வேற மொழிகளுக்கும் அதே வாரம் இதே தலைவலி.

தீர்வா நோட் என்ன செஞ்சதுன்னா, பேட்ச் ஃபைலை நேரடியா ஓடவிடவே மாட்டேன்னு மறுத்து, எரர் காட்ட ஆரம்பிச்சது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனா, நேத்து ராத்திரி வரைக்கும் ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்த பல கருவிகள், மறுநாள் காலையில் புரியாத எரரோட படுத்துக்கிச்சு. தன் கோடில் ஒரு எழுத்துகூட மாத்தாத புரோகிராமர், ‘நான் என்னய்யா தப்பு செஞ்சேன்?’னு முழிச்சார். அதை மீண்டும் ஓடவைக்க ஒரு ஆப்ஷன் உண்டு. உள்ளே வரும் தகவலைச் சோதிக்காம அதை ஆன் பண்ணினா, அதே ஆபத்து பின்வாசல் வழியா திரும்ப வரும். போதாததுக்கு, ஏப்ரல் ஃபிக்ஸ் முழுமையா இல்லைன்னு ஜூலையில் இன்னொரு ஃபிக்ஸும் வந்தது.

இதுக்காகத்தான் வெர்ஷன் எண்ணில் மூணு பகுதி. 1.42.2-ல் கடைசி எண் மட்டும் மாறினா, ரிப்பேர் வேலை. நடு எண் மாறினா புது வசதி. முதல் எண் மாறினா, பழசு சிலது ஓடாமல் போகலாம், உஷார். கொள்கை இதுதான். ஆனா, மேலே பார்த்த நோட் ஃபிக்ஸ் வந்தது கடைசி எண் மாற்றமாகத்தான்! பாதுகாப்புன்னு வந்துட்டா ஒழுங்கு ரெண்டாம்பட்சம்.

எல்லா அப்டேட்டும் இப்படித் திக்திக் ரகம் இல்லை. பெரும்பாலானவை சின்னச் சின்ன சௌகரியங்கள். முன்னாடியெல்லாம் கோடை மாத்தினா தானா ரீஸ்டார்ட் ஆக நோட் ஜேஎஸ்காரங்க தனியா ஒரு பேக்கேஜ் போடுவாங்க, இப்போ ‘வாட்ச்’ங்கிற வசதி உள்ளேயே வந்திடுச்சு. டெனோவில் கோடை அழகா அடுக்கும் கருவி, தப்பு கண்டுபிடிக்கும் கருவி, டெஸ்ட் பண்ணும் கருவி எல்லாம் ஒரே பொட்டலத்துல. அதுல ‘பண்டில்’னு ஒரு கட்டளை இருந்தது, 2.0-ல் தூக்கிட்டாங்க. ஜனங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 2025 ஜூலையில் 2.4-ல் திரும்பக் கொண்டுவந்துட்டாங்க. நம்ம ஊர் பஸ் ரூட் மாதிரிதான்.

சரி, உங்க போனுக்கு வருவோம்

ஆண்ட்ராய்டு 6 இருந்த பழைய போன் யாராவது வீட்ல வெச்சிருந்தா ஞாபகம் இருக்கும். ஏதாவது ஆப்புக்கு அனுமதி கொடுக்கப்போனா, ‘ஸ்கிரீன் ஓவர்லே டிடெக்டட்’னு ஒரு மெசேஜ் வந்து உயிரை எடுக்கும். எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா அது எதுக்கு வந்தது தெரியுமா? சில ஆப்களால மற்ற ஆப்களுக்கு மேல மிதக்க முடியும். சாட் ஆப்பின் மிதக்கும் வட்டம், ஸ்கிரீனை மஞ்சளாக்கும் நைட் லைட் ஆப் எல்லாம் அந்த வகை. அப்படி ஒரு ஆப், அனுமதிப் பெட்டிக்கு மேல வேற வாசகத்தைப் போட்டு மறைச்சுட்டா, நீங்க ‘கேம் ஆரம்பிக்கவா?’ன்னு படிச்சுட்டு, கான்டாக்ட்ஸுக்கு அனுமதி கொடுத்திடுவீங்க. டெனோ பெட்டிக்கு நடந்ததும் இதுவும் ஒரே வித்தைதான், வேற வேஷம். 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12, மேல மிதக்கும் நம்பகமில்லாத ஆப் வழியா கீழே போகிற தொடுதலையே தடுக்க ஆரம்பிச்சது.

அதனால, ‘மற்ற ஆப்களுக்கு மேல் காட்ட’ அனுமதி கேட்கும் ஆப் எதுவா இருந்தாலும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்க. டார்ச் லைட் ஆப்புக்கு அது எதுக்கு? செட்டிங்ஸ்ல ‘ஸ்பெஷல் ஆப் ஆக்ஸஸ்’ பகுதிக்குப் போனா, ஏற்கெனவே யார் யாருக்கு அதைக் கொடுத்து வெச்சிருக்கீங்கன்னு லிஸ்ட்டே தெரியும். போய்ப் பாருங்க, ஆச்சர்யம் காத்திருக்கலாம்.

காலேஜ்ல கோடிங் படிக்கிறவங்களுக்கு மட்டும் ரெண்டு வார்த்தை. டெனோவில் ‘எல்லாத்துக்கும் அனுமதி’ன்னு ஒரே எழுத்துல ஒரு குறுக்குவழி இருக்கு. யூடியூப் டுடோரியல் பார்த்துட்டு அதைப் பழக்கமாக்கிக்கிட்டா, மேலே சொன்ன மூணு ஃபிக்ஸும் உங்களைப் பொறுத்தவரை வேஸ்ட். ஏன்னா, பெட்டி வரவே வராது. எந்த ஃபோல்டர், எந்த சைட்டுன்னு பெயர் சொல்லியே அனுமதி கொடுக்கலாம், பத்து எழுத்து அதிகமா டைப் பண்ணணும், அவ்ளோதான். அடுத்தது, லேப்டாப்ல இருக்கிற டெனோ எந்த வெர்ஷன்னு பாருங்க. 1.42.2-க்குக் கீழே இருந்தா, ‘டெனோ அப்கிரேட்’னு டைப் பண்ணி என்டர் தட்டுங்க. மீதியை அதுவே பார்த்துக்கும்.

போன்ல? செட்டிங்ஸ்ல போய் ‘செக்யூரிட்டி அப்டேட்’னு தேடுங்க. ஒரு தேதி காட்டும். ஓட்டைகளை எந்தத் தேதி வரைக்கும் உங்க போன்ல அடைச்சிருக்காங்கன்னு அதுக்கு அர்த்தம். அது போன வருஷத் தேதியா இருந்து, பக்கத்துலயே அப்டேட் ஒண்ணு காத்துக்கிட்டு இருந்தா, இன்னைக்கு ராத்திரி சார்ஜ்ல போடும்போது அந்த வேலையை முடிச்சிடுங்க.