பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீங்க! கணக்கையும் தொலைக்காதீங்க!



தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. நம் பிள்ளைகள் அப்போது வாங்கி வந்த லேப்டாப்புகள் சூளகிரி, பாகலூர், தளி பக்கம் பல வீடுகளில் இன்னும் பீரோ மேல் கிடக்கின்றன. பிள்ளைகள் ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்விட, அதிலேயே குழுக் கணக்கு எழுதும் ஊக்குநர்களும் உண்டு. "அக்கா, ஆன் ஆகவே அரை மணி நேரம் ஆவுது, பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?" என்று கேட்கிறார்கள்.

வேண்டாம். புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டால் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். ஆனால் ஒரு குழுவில் நடந்ததைக் கேளுங்கள். லேப்டாப்பைக் கடையில் கொடுத்து, "ஃபார்மேட் போட்டுடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மறுநாள் லேப்டாப் வேகமாக ஓடியது. சேமிப்பு, கடன் கணக்கு எதுவும் அதில் இல்லை. வங்கிக் கடனுக்குக் கணக்கு காட்ட வேண்டிய நேரம். கைநோட்டு இருந்ததால் தப்பித்தார்கள். எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற ஒரு மாதம் ஆனது.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது லேப்டாப்பின் எல்லா வேலையையும் நடத்தும் அடிப்படை மென்பொருள். குழுவுக்கு ஊக்குநர் மாதிரி. ஊக்குநர் மாறும்போது கணக்கை எழுதி வாங்கிக்கொள்வோம் அல்லவா? இங்கேயும் அப்படித்தான்.

ஏன் மாற்ற வேண்டும்? விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ல் நின்றன. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும். பழைய லேப்டாப்புகளில் இல்லாத பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதனால் நமக்கு ஏற்றது லினக்ஸ். அது இலவசம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் உண்டு. 2 ஜிபி ராம் மட்டும் இருந்தால் 'லுபுண்டு' போன்ற எடை குறைந்ததைக் கேளுங்கள்.

செய்ய வேண்டியவை:

1. கணக்கு, தீர்மானங்கள், போட்டோக்களைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

2. பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்திருந்தால் அந்த எழுத்துருவையும் நகல் எடுங்கள். இல்லாவிட்டால் தமிழெல்லாம் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரியும்.

3. டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளில் கணக்கு எழுதினால், லினக்ஸ் போடும் முன் கூட்டமைப்புக் கணக்காளரைக் கேளுங்கள்.

4. லினக்ஸை இன்னொரு பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் பதியாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, கீபோர்டு, சத்தம் சரியா என்று பாருங்கள்.

5. பழைய பேட்டரி நிற்காது. பதியும்போது சார்ஜரைக் கழற்றாதீர்கள். கரண்ட் போகும் நேரத்தில் தொடங்காதீர்கள்.

6. 'டிஸ்க்கை அழிக்கவா?' என்று கேட்கும். ஆம் என்றால் பழையது எல்லாம் போய்விடும். நகல் கையில் இருந்தால் மட்டும் ஆம் சொல்லுங்கள்.

லினக்ஸுக்குக் காசு இல்லை. கடைக்காரருக்குக் கூலி மட்டும்தான். எவ்வளவு என்று முன்பே பேசிவிடுங்கள். கணக்கின் ஒரு நகல் ஊக்குநரிடமும் ஒரு நகல் பிரதிநிதியிடமும் இருக்கட்டும். கைநோட்டு எழுதுவதையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். யார் வீட்டு பீரோ மேல் லேப்டாப் இருக்கிறது என்றும் கேளுங்கள்!