பரணில் உறங்கும் பாட்டுப் பெட்டி

தாமல் போன்ற கிராமத்தில், பழைய வீட்டுப் பரணிலே கிராமபோன் பெட்டி அகப்பட்டால், அதை அவசரப்பட்டுப் பழைய சாமான் வியாபாரியிடம் போட்டுவிட வேண்டாமென்று நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

1906-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விக்டர் கம்பெனியார், ஊதுகுழலைப் பெட்டிக்குள்ளேயே மறைத்து ‘விக்ட்ரோலா’வை வெளியிட்டனர். அதுமுதல் பாட்டு யந்திரம் கூடத்துக்கு அழகு செய்யும் மரச்சாமானும் ஆயிற்று.

பெட்டியும், சாவி கொடுக்கும் யந்திரமும், சவுண்டு பாக்ஸும் ஆதியில் அமைந்தபடியே இருந்தால்தான் சேகரிப்போர் நல்ல விலை தருவார்கள். அத்தகைய பெட்டி அரிது. கழற்றிய பழைய உறுப்புக்களுக்குப் புதுப் பெட்டியும் பளபளக்கும் பித்தளைக் குழலும் பூட்டி, ‘புராதனம்’ என்று விற்பது நம் நாட்டிலேயே நடக்கிறது. பழைய வார்னிஷைச் சுரண்டிப் புது மெருகு ஏற்றினாலும் மதிப்புக் குறையும்.

ஆகவே, தூசியை மட்டும் துடைத்து வைப்போம். பிரித்து விற்ற பெட்டியை மறுபடி ஒன்று சேர்க்க எவராலும் இயலாது.