கேம் கோடு இலவசம்தான், விற்கும் உரிமை இலவசமில்லை

கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் புது கேம் இலவசம் என்பார்கள். ஆந்திர எல்லையோர நாகலாபுரத்துப் பையன்கள் ஊத்துக்கோட்டை வழியாகப் போய் சென்னை ரிச்சி தெருவில் கார்டு வாங்கி வருகிறார்கள். கேம் பிடிக்கவில்லையென்றால், "பாதி விலைக்குத் தர்றேன்" என்று கோடு அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள், எண்ணைக்கூட மறைக்காமல். முதலில் பார்த்தவன் அதைப் பதிந்துகொள்கிறான். பணம் அனுப்பியவனுக்கு எதுவும் கிடைப்பதில்லை. எத்தனை பேர் ஏமாந்தாலும் அடுத்த மாதமும் இதேதான்.

இந்தக் கோடு பெட்டியோடு வரும் ஸ்க்ரூ மாதிரி கைமாற்றக்கூடிய பொருள் அல்ல. 2017 முதல் என்விடியா, சலுகைக்குரிய கார்டு கணினியில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கேமைத் தருகிறது. ஏஎம்டியிடமும் இதே போன்ற சோதனை உண்டு. அதாவது, அந்த கார்டு இல்லாதவர் உங்கள் கோடை வாங்கினால் அது வேலை செய்யாமலே போகலாம். சலுகை விதிகளும் பொதுவாக மறுவிற்பனையைத் தடுக்கின்றன. விதியை மீறி விற்றால் அதற்காகவே சிறை இல்லை, கோடு ரத்தாகலாம். ஆனால் வேலை செய்யாது என்று தெரிந்தே விற்றால் அது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318 அதற்குத்தான் இருக்கிறது.

தம்பிக்குக் கொடுக்க ஆசையா? கேம் ஸ்டீமில் இருந்தால் ஸ்டீம் ஃபேமிலீஸ் வழியாக ஒரே வீட்டில் ஆறு பேர் வரை பகிரலாம். கணக்கையே பாஸ்வேர்டோடு விற்காதீர்கள். அதையும் ஸ்டீம் அனுமதிப்பதில்லை.

நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது கடைக்காரரிடம்தான். "கோடு கம்பெனியிலிருந்து வரும், போங்க" என்று அனுப்பிவிட்டு, அட்டையைத் தனியே விற்கும் கடைகள் உண்டு. இலவசம் என்று அறிவித்துத் தராமல் விடும் நோக்கம் இருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47) அதை முறையற்ற வணிகம் என்கிறது. ஆகவே பில்லிலேயே கேமின் பெயரையும் கார்டின் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். விளம்பரத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோடைப் பதியக் கடைசித் தேதி உண்டு. அது தாண்டினால் பில் இருந்தும் பயன் குறைவு.

கடைக்காரர் கோடைத் தராவிட்டால் முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். பிறகு கடைக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருப்பதால் அங்கேதான் போகவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 34 நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட வழி தருகிறது. நாகலாபுரத்தார் திருப்பதியில் போடலாம், இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும்.

குழுவில் யாரோ தனிநபரிடம் வாங்கி ஏமாந்தவருக்கு இந்த ஆணையம் உதவுவது கடினம், விற்றவர் வியாபாரி இல்லையே. அவர் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்கவேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். காவல் நிலையத்தில் "அது தமிழ்நாடு கேஸ், அங்கே போ" என்பார்கள். எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இந்தப் பதில் சலித்துப்போனது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173-ஐச் சொல்லுங்கள். கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரை அவர்கள் வாங்கவேண்டும். மறுத்தால் எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள்.

விற்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். "பணம் அனுப்புறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று வருபவன் திருடன். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. மறுபடி சொல்கிறேன், தேவையே இல்லை. கோடு எண் தெரியும் படத்தையும் குழுவில் போடாதீர்கள்.