எண்ணூர் மீனைத் தின்னலாமா?

மீன் தின்னலாமா, கூடாதா என்பது ஒரு காலத்தில் ஆசாரத்தைப் பற்றிய கேள்வியாக இருந்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரையில் அது இன்று உயிரைப் பற்றிய கேள்வியாகிவிட்டது. கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் பிடிபடும் மடவையும் இறாலும் நண்டும் உண்ணத் தக்கவைதாமா? இதற்கு இரண்டு பதில்கள் ஊரில் உலவுகின்றன. "வடசென்னை மீன் எல்லாமே விஷம்" என்பது ஒன்று. "தலைமுறை தலைமுறையாகத் தின்கிறோம், என்ன ஆகிவிட்டது?" என்பது மற்றொன்று. முதல் பதில் மீனவனின் வயிற்றில் அடிக்கிறது. இரண்டாவது பதில் அவனுடைய குழந்தையின் வயிற்றில் நஞ்சை வைக்கக்கூடும். இரண்டும் சோதனையின்றிச் சொல்லப்படுபவை. ஆகையால் இரண்டையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு விஷயத்தை ஆராய்வோம்.

முதலில் ஒரு வேற்றுமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். காசிமேட்டுத் துறைமுகத்தில் வந்திறங்கும் மீனும், எண்ணூர்க் கழிமுகத்தில் பிடிபடும் மீனும் ஒன்றல்ல. காசிமேட்டின் விசைப்படகுகள் கரையை விட்டு நெடுந்தூரம் சென்று, கடலில் பல நாள் தங்கி மீன் பிடித்து வருகின்றன. கழிமுகத்து மீனோ மணலி ஆலைகளின் கழிவும், பக்கிங்ஹாம் கால்வாயின் சாக்கடையும், அனல் மின் நிலையங்களின் சாம்பலும் வந்து சேரும் நீரில் பிறந்து வளர்வது. முன்னதைப் பற்றிய சந்தேகத்தைப் பின்னதன் பேரால் கிளப்புவது அநீதி. பின்னதைப் பற்றிய உண்மையை முன்னதன் பேரால் மறைப்பதும் அநீதியே.

அந்தக் கழிமுகத்துக்கு நேர்ந்தது என்ன? அண்மைக் காலத்துச் செய்திகள் மட்டுமே போதும். 2017ஆம் வருஷம் ஜனவரி 28ந் தேதி, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் இல்லையென்று துறைமுகத்தார் முதலில் அறிவித்தார்கள். சில நாட்களுக்குள் எண்ணூர், திருவொற்றியூர்க் கரை கருத்துப் போயிற்று. விஞ்ஞான யுகத்தில், ஒரு பெருநகரத்தின் வாசலில், வாளிகளைக் கொண்டு எண்ணெயை அள்ளிய காட்சியை உலகமே கண்டது. 2022ஆம் வருஷத்தில், வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் கழிமுகத்தைக் கெடுத்ததற்கு மின்வாரியம் பொறுப்பேற்க வேண்டுமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு வெள்ளமாக, மணலியிலுள்ள சென்னை பெட்ரோலியம் கார்ப்பொரேஷன் ஆலையின் எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துள் புகுந்தது. வலையும் படகும் வீட்டுச் சுவரும் எண்ணெய் பூசிக்கொண்டன. அதை அள்ளும் வேலையும் பெரும்பாலும் மீனவர் கைக்கே வந்து சேர்ந்தது.

இத்தகைய நீரில் வாழும் மீனைத் தின்றால் என்ன கெடுதல்? கெடுதல் ஒரே விதமானதன்று. சாக்கடையால் வரும் கிருமிகளை நெருப்பு கொன்றுவிடும். நன்றாகக் கொதித்த குழம்பில் அவற்றுக்கு இடமில்லை. ஈயம், பாதரசம், காட்மியம் போன்ற உலோகங்களின் விஷயம் வேறு. எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் எவ்வளவு புளி கரைத்து ஊற்றினாலும் உலோகம் அழியாது. ஈயமும் காட்மியமும் மீனின் ஈரல், செவுள், முள் முதலிய உறுப்புகளில் அதிகமாகத் தங்கும். குடலையும் செவுளையும் களைந்தால் ஒரு பகுதியாவது போகும். பாதரசமோ சதையிலேயே கலந்து நிற்பது. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைக் கொடிய உருவத்துக்கு மாற்றுகின்றன. சிறு மீன் அதைத் தின்கிறது. சிறு மீனைப் பெரிய மீன் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் விஷம் பெருகுகிறது. கடைசிப் படியில் மனிதன் உட்கார்ந்திருக்கிறான்.

எண்ணெயின் போக்கு இன்னொரு விதம். அதிலுள்ள சில பொருள்கள் புற்றுநோயை விளைவிக்கக்கூடியவை. மீனின் ஈரல் அவற்றைப் பெரும்பாலும் சிதைத்து வெளியேற்றிவிடும். மட்டிக்கும் ஆளிக்கும் அந்தச் சக்தி மிகவும் குறைவு. நீரை வடிகட்டித் தின்னும் இப்பிராணிகள், நீரிலுள்ள அழுக்கையெல்லாம் தம் உடலில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. ஆகவே, ஒரே இடத்தில் பிடித்தவையானாலும் மீனுக்கு ஒரு நியாயம், மட்டிக்கு ஒரு நியாயம், நண்டுக்கு ஒரு நியாயம். இதில் அளவும் முக்கியம். மாதத்தில் ஒரு நாள் தின்பவனுக்கு ஒன்றும் நேராமல் போகலாம். தினந்தோறும் தின்னும் கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் அந்த உறுதியைத் தர முடியாது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது; ஓசையின்றிக் கெடுப்பது.

தினந்தோறும் தின்பவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். நல்ல மீனும் பெரிய இறாலும் சந்தைக்குப் போகின்றன. விலை போகாதது வீட்டுச் சட்டிக்கு வருகிறது. கழிமுகத்துச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அந்த நீரே வயலும் களஞ்சியமும். எவர் அந்த நீரைக் கெடுக்கவில்லையோ, அவரே அதன் கெடுதலை அதிகமாக உண்கிறார்.

ஜப்பான் தேசத்தில் மினமாட்டா என்றொரு விரிகுடா உண்டு. அங்கே சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை பாதரசக் கழிவை நீரில் விட்டுவந்தது. முதலில் மீனவர் வீட்டுப் பூனைகள் பித்துப் பிடித்து ஆடிச் செத்தன. பிறகு மனிதர் கைகால் நடுங்கி, பார்வை குறுகி, பேச்சுக் குழறி மாண்டனர். 1956இல் நோய் பகிரங்கமாயிற்று. மறு வருஷம், அந்த விரிகுடாவில் மீன் பிடிப்பதைத் தடுக்கலாமா என்று மாகாண அதிகாரிகள் தலைநகரைக் கேட்டார்கள். "அங்குள்ள மீன் அனைத்துமே விஷமானது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை, ஆகையால் உணவுச் சட்டத்தைப் பிரயோகிக்க முடியாது" என்ற கருத்தில் பதில் வந்தது! எல்லா மீனும் விஷமானால்தான் சட்டம் அசையும் என்றால், அந்தச் சட்டம் யாரைக் காக்க ஏற்பட்டது?

கதை அதோடு முடியவில்லை. 1959இல் ஆலையின் வைத்தியரே அதன் கழிவைப் பூனைக்கு ஊட்டிச் சோதித்து உண்மையைக் கண்டார். நிர்வாகம் அதை வெளியிடாமல் மறைத்தது. அவ்வருஷ முடிவிலேயே நோயாளிகளுக்கு "அனுதாபத் தொகை" என்று ஒரு சிறு பணத்தைக் கொடுத்து, பின்னால் ஆலைதான் காரணமென்று ருஜுவானாலும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. 1968இல்தான் சர்க்கார் உண்மையை ஒப்புக்கொண்டது. 1973இல் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தள்ளி, ஆலையைப் பொறுப்பாளியாக்கியது. இடையில் கழிந்த வருஷங்களை எந்த நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கும்?

எண்ணூர் மினமாட்டா ஆகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்குச் சான்று வேண்டும். மினமாட்டாவில் நோயைவிட அதிக நாசம் விளைத்தது, சோதிக்க வேண்டியவர்கள் சோதிக்காததும் சோதித்தவர்கள் சொல்லாததுமே. அந்தப் பாடத்தை நாம் கற்றோமா? 2023ஆம் வருஷத்து எண்ணெய்க்குப் பிறகு மீனவக் குடும்பம் ஒன்றுக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. வேலையிழந்த நாட்களுக்கு அது ஓரளவு ஆறுதலாகலாம். வலையில் விழும் மீனைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

சோதனை செய்ய நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மீனில் ஈயம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது, பாதரசம் 0.5 மில்லிகிராமுக்கும், பிற மீன்களை வேட்டையாடும் பெருமீனில் 1 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்று நமது உணவு விதிகளே கூறுகின்றன. 1963ஆம் வருஷத்து ஏற்றுமதிச் சட்டத்தின் கீழ், அயல்நாடு போகும் இறாலில் உலோகமும் மருந்தும் இருக்கின்றனவா என்று பரிசோதனைச் சாலைகளில் பார்க்கிறோம். ஐரோப்பியன் வாங்க மறுத்துவிடுவானே என்று அஞ்சிப் பார்க்கிறோம். அவன் தட்டுக்குக் காட்டும் அக்கறையைத் தாழங்குப்பத்துத் தட்டுக்கும் காட்டுவதற்கு என்ன தடை? சுதந்தர தேசத்துப் பிரஜையின் வயிறு, அயல்நாட்டு வாடிக்கைக்காரனின் வயிற்றுக்குத் தாழ்ந்ததா?

ஆகவே கேட்க வேண்டியவை இவை. கழிமுகத்து நீரையும் சேற்றையும் மீனையும், வகை வகையாக, பருவந்தோறும் சோதிக்க வேண்டும். சோதனையின் முடிவை அலுவலகப் பெட்டியில் பூட்டாமல், மீன் சந்தையின் வாசலிலும் ஒவ்வொரு குப்பத்திலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். எது தின்னலாம், எது கூடாது, யார் தின்னலாகாது என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மீன்பிடிப்பை நிறுத்த நேர்ந்தால், நிறுத்தப்பட்ட நாள் முழுவதற்கும் மீனவனுக்கும், படகில்லாமல் கையால் பிடிப்பவருக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் ஜீவனத்தொகை கொடுக்க வேண்டும். அந்தத் தொகையை நீரைக் கெடுத்தவனிடமிருந்து வசூலிக்க வேண்டும். பொதுஜனத்தின் வரிப்பணத்திலிருந்து அல்ல. ஒரு மந்திரி மேடையேறி ஒரு துண்டு மீனைத் தின்று காட்டுவது சோதனையாகாது. அவர் ஒரு நாள் தின்பார். குப்பத்தார் வருஷம் முழுவதும் தின்கிறார்கள்.

அதுவரையில் ஜனங்கள் செய்துகொள்ளத் தக்க எச்சரிக்கைகள் சில உண்டு. எண்ணெய் நாற்றம் வீசும் மீனை விலையின்றிக் கொடுத்தாலும் வாங்கலாகாது. கழிமுகத்து மட்டியையும் ஆளியையும் தவிர்ப்பது நல்லது. நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் குழம்பையும், மீனின் குடல், ஈரல், செவுள்களையும் எறிந்துவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வெளிக்கடலில் பிடித்த நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களே உகந்தவை. மீனையே விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஏழைக்கு எட்டும் சத்துள்ள உணவு மீன். அதை அவனிடமிருந்து பறிப்பதும் ஒரு நோயே.

ஆனால் இவை வீட்டுக்குள் செய்யும் காரியங்கள். ஆற்றைச் சுத்தம் செய்ய அரிவாள்மணையால் முடியாது. வடசென்னையில் பொதுக்காரியத்தில் ஈடுபட்டுள்ள ஒவ்வொருவரும், எக்கட்சியைச் சேர்ந்தவரானாலும், தம் வட்டத்துச் சபை உறுப்பினரிடமும் மாநகராட்சி அங்கத்தினரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: "எண்ணூர் மீனைச் சோதித்தீர்களா? சோதித்திருந்தால் கணக்கைச் சந்தை வாசலில் ஒட்டுங்கள். சோதிக்கவில்லையானால் எந்தத் தேதியில் தொடங்குவீர்கள்?" இதற்குப் பதில் வரும் வரையில் கேட்பதை நிறுத்தலாகாது. தின்னலாமா என்று மீன்காரியைக் கேட்டுப் பயனில்லை. பதில் சொல்லும் கடமை கோட்டையில் இருப்பவர்களுக்கும் மணலியில் இருப்பவர்களுக்குமே உண்டு.